டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடியதாகுமா?

[காட்சி: வண்டிப்பெரியார் தேயிலைச் சரிவு]

வணக்கம். எங்கள் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "எனக்குத் தைராய்டு கூடிவிட்டது" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். தாளை வாங்கிப் பார்த்தால் கூடியிருப்பது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-இன் எண், தைராய்டின் சுரப்போ பெரும்பாலும் குறைந்திருக்கும், அல்லது குறையத் தொடங்கியிருக்கும்.

[காட்சி: கழுத்தின் வரைபடம்]

கண்ணாடி முன் நின்று, முகவாயைச் சற்றே உயர்த்தி, ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். மேலேறி இறங்கும் குரல்வளை மேட்டுக்குக் கீழே, இரு மடல்களும் அவற்றை இணைக்கும் குறுகிய பாலமுமாக மூச்சுக்குழாயைத் தழுவியிருப்பதே தைராய்டு. எடை ஏறத்தாழ 20 கிராம். மூச்சுக்குழாயோடு பிணைந்திருப்பதால் விழுங்கும்போது அதுவும் ஏறும்; மலையாளத்தில் ‘தொண்டமுழ’ என்பார்களே, அந்த வீக்கத்தைச் சோதிக்கும் மருத்துவர் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதனால்தான்.

[காட்சி: நுண்ணோக்கிப் படம்]

உள்ளே எண்ணற்ற நுண் உருண்டைப் பைகள். ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன அவற்றின் சுவர், இரத்தத்திலிருந்து அயோடினை ஈர்த்து, பையின் நடுவிலுள்ள கூழில் தைரோகுளோபுலின் என்னும் புரதத்தோடு சேர்க்கிறது. இப்படி உருவாகும் தைராய்டு ஹார்மோன்களில் நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4, மூன்று கொண்டது டி3. பல வாரத் தேவையை முன்கூட்டியே செய்து, செல்லுக்கு வெளியே சேர்த்து வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பெருமளவு வெளிவருவது டி4. கல்லீரல் போன்ற உறுப்புகள் ஓர் அயோடின் அணுவை நீக்கி அதை டி3 ஆக்கிய பிறகே உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியவற்றில் அதன் முழு வேலை தொடங்குகிறது.

[காட்சி: மூளையின் அடிப்பகுதி]

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதன்று, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி அனுப்பும் ஏவல் அது. கொழுந்து குறைந்தால் கங்காணியின் குரல் உயர்வதைப்போல, இரத்தத்தில் டி4 குறைந்தால் டி.எஸ்.எச். உயரும், மிகுந்தால் தாழும். பிட்யூட்டரியே பழுதுபட்டால் இக்கணக்கு பொருந்தாது என்பதால், டி4 அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அயோடின் போதாதபோது, ஓயாத அந்த ஏவலால் சுரப்பி பருத்து, முன்கழுத்துக் கழலையாகிறது. பெரியவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்; கர்ப்பிணிக்கு 250. மலைமழையில் திறந்த ஜாடியில் கசியும் உப்பு அயோடினை இழக்குமாதலால், அயோடின் கலந்த உப்பை வாங்கி, ஈரம் புகாத மூடியிட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.