வெட்டிச் செலவுன்னு சொல்றவங்களுக்கு என் பதில்

நடுவர் அவர்களே வணக்கம். "அமெரிக்க ஹைஸ்கூல் ஸ்டேடியம்: ஊருக்குச் சொத்தா, வெட்டிச் செலவா?" இதான் தலைப்பு, நான் சொத்து அணி.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் டெக்சாஸ்ல ஆலன் ஊரைப் புடிச்சவரு விடவே இல்ல. 2012ல சுமார் 6 கோடி டாலர்ல கட்டின ஹைஸ்கூல் ஸ்டேடியம், 18,000 சீட்டு, 2014லயே கான்கிரீட்ல விரிசல் விட்டு மூடிட்டாங்கன்னு சொன்னாரு. எல்லாம் உண்மைதாண்ணே! ஆனா விரிசல் கட்டினவங்க தப்பு, ஸ்டேடியம் வேணும்னு கேட்டவங்க தப்பு இல்லையே, பாலம் இடிஞ்சா இனி ஆத்தையே தாண்டாதேன்னா சொல்லுவோம்? ரிப்பேர் பண்ணி 2015ல திறந்தாச்சு. அந்தக் காசும் 2009ல ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டு சம்மதிச்ச பாண்டு பணம், அதாவது கடன் பத்திரம் வித்துத் திரட்டின காசு, இதை மட்டும் அண்ணன் நைசா முழுங்கிட்டாரு.

சரி, நான் ஒரு ஊர் காட்டுறேன். வாஷிங்டன் மாநிலத்துல டகோமா. ரயில்வே கம்பெனி பெரிய ஹோட்டல் கட்ட ஆரம்பிச்சு, கைல காசில்லாம பாதில நிறுத்தி, 1898ல தீப்புடிச்சு வெறும் சுவரா நின்ன கட்டடத்தை 1906ல ஹைஸ்கூலா மாத்தினாங்க. பக்கத்துல கடலைப் பாத்து இறங்குற ஒரு பெரிய பள்ளம், எதுக்கும் ஆகாத இடம். அந்தச் சரிவுலயே கான்கிரீட் படி போட்டு 1910ல ஸ்டேடியம் ஆக்கிட்டாங்க, உக்காந்தா கீழ மைதானம், அதுக்கு அந்தாண்ட தண்ணி, என்னா வியூ! பசங்க மேட்சுக்கு மட்டுமா அது ஆச்சு? 1911ல முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வந்து பேசினாரு, அப்போ மைக் ஏது, தொண்டைதான். 1919ல வுட்ரோ வில்சன், 1923ல ஹார்டிங், ரெண்டு பேரும் அப்போ பதவியில இருந்த ஜனாதிபதிங்க. நிலநடுக்கமும் மண்சரிவும் பாத்த இடம் அது, ஒவ்வொரு தடவையும் சரி பண்ணி வச்சிருக்காங்களே தவிர மூடிட்டுப் போகல. வெட்டிச் செலவுக்கு யாராவது இப்படி திரும்பத் திரும்ப காசு போடுவாங்களா?

அடுத்து ஒஹையோல மாசிலன். 1930கள்ல ஊரே வேலையில்லாம திண்டாடினப்போ அரசாங்கத்தோட டபிள்யூபிஏ வேலைத் திட்டத்துல கட்டி 1939ல திறந்த ஸ்டேடியம் அது, அதாவது செங்கல் வைக்கும்போதே பல வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு. ஊர்ல சுமார் 32,000 பேர்தான், ஸ்டேடியத்துல 16,600 பேர் உக்காரலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச்னா மத்த தெருவெல்லாம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

"ஒரு சீசனுக்கு அஞ்சாறு ஹோம் மேட்ச்தானே"ன்னு அண்ணன் கேட்டாரு. கையில பந்தைத் தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால் கணக்கு மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். சாக்கர் (நம்ம ஊர் கால்பந்து), தடகளம், பேண்டு வாத்தியப் போட்டியெல்லாம் எங்க நடக்குதாம்? செயற்கைப் புல் போட்டுட்டா மழையில சேறாகும்ங்கிற கவலையும் இல்ல, காலையில உடற்பயிற்சி கிளாஸ், சாயங்காலம் ப்ராக்டிஸ்னு தினம் ஓடும். பட்டமளிப்பை ஜிம்முக்குள்ள வச்சா ஒரு பிள்ளைக்கு இத்தனை டிக்கெட்னு அளந்து குடுக்கணும், தாத்தாவா பாட்டியான்னு வீட்டுல சண்டை வரும். ஸ்டேடியம்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகலாம்.

அடுத்து அந்த அணியில இருந்து பேச வர்ற அக்கா ஆலனை விட்டுட்டு, அந்த டகோமா பள்ளத்தை வேற என்ன பண்ணியிருக்கலாம்னு மட்டும் சொல்லட்டும், கேட்டுக்குறோம். நன்றி நடுவரே.