ஒரே வாணலியில் கொத்துக்கறியும் கிரீம் சோறும்

வணக்கம் மக்களே! அமெரிக்காவில், மினியாபொலிஸில் மணி ஐந்துதான் ஆகிறது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருட்ட ஆரம்பித்துவிட்டது. ஜனவரியில் இங்கே இப்படித்தான். வேலை முடிந்து வந்து, ஷூவில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு மாட்டுக் கொத்துக்கறியும் அரிசியும் கிரீமும் ஒரே வாணலியில். கழுவ வேண்டியதும் அந்த ஒரு வாணலிதான்.

இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கும் இந்த ஊருக்கும் ஒரு உறவு உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோல்டன் வேலி என்ற இடத்தில்தான் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் தலைமையகம். அவர்கள் 1971இல் ‘ஹாம்பர்கர் ஹெல்பர்’ என்று ஒரு பெட்டியை அமெரிக்கா முழுக்க விற்க ஆரம்பித்தார்கள். கறி விலை ஏறியிருந்த காலம் அது. ஒரு பவுண்டு கொத்துக்கறியை வதக்கி, பெட்டியில் இருக்கும் பாஸ்தாவையும் மசாலாப் பொடியையும் கொட்டி, தண்ணீர் ஊற்றினால் குடும்பமே சாப்பிடலாம். யோசனை அருமையானது. அதே யோசனையைப் பெட்டி இல்லாமல் செய்யப் போகிறோம்.

முதலில் கறி. கடையில் பொட்டலத்தின் மேல் 80/20, 85/15, 93/7 என்று எண் போட்டிருக்கும். முதல் எண் சதை, இரண்டாவது கொழுப்பு. நான் 85/15 எடுத்திருக்கிறேன், ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். 93/7 வாங்கினால் வாயில் வறவறவென்று இருக்கும். இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கத்தில் கறி என்றால் மஞ்சள் போட்டு அலசுவோம். கொத்துக்கறியை அலசாதீர்கள். ஈரம் இருந்தால் கறி வறுபடாது, வெந்துதான் போகும். தொட்டியைச் சுற்றிக் கிருமி தெறிக்கும் ஆபத்தும் இருக்கிறது. காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

வாணலி 12 அங்குல வார்ப்பிரும்பு. மூடி இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். நன்றாகக் காய்ந்துவிட்டது. கறியை அப்படியே ஒரு பெரிய அடை மாதிரி பரப்பி அழுத்துகிறேன். கேட்கிறதா அந்தச் சத்தம்? இப்போது கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மூன்று நிமிடம், நான்கு நிமிடம், தொடவே கூடாது. இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கொட்டியவுடன் கிளற ஆரம்பித்தால் கறி தண்ணீர் விட்டுச் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

இதோ, புரட்டுகிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க முறுகல், நல்ல காப்பிக்கொட்டை நிறம். வாணலியிலும் அங்கங்கே அதே நிறத்தில் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருக்கிறது. அது கருகல் இல்லை, காந்தல். என்னைக் கேட்டால் இந்தச் சாப்பாட்டின் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. இனி செய்யப் போகிற ஒவ்வொன்றும் அந்தக் காந்தலைச் சோற்றுக்குள் கொண்டுபோகத்தான்.

இப்போது கறியை உடைத்து, உப்பு, மிளகு போட்டு, சிவப்பு மறையும்வரை வதக்குங்கள். கொழுப்பு அதிகம் நின்றால் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒரு பழைய டப்பாவில் எடுத்துவிடுங்கள். பாத்திரத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம். நான்கு பல் பூண்டு. வெங்காயம் விடுகிற ஈரத்திலேயே காந்தல் இளக ஆரம்பிக்கும், மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், ஒரு தேக்கரண்டி பாப்ரிகா, அதாவது காரம் குறைந்த மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை தைம் என்ற காய்ந்த மூலிகை இலை. பேஸ்ட் பச்சை வாசனை போய்க் கொஞ்சம் இருளும் வரை ஒரு நிமிடம்.

அரிசிக்கு வருவோம். நீளமான வெள்ளைப் பச்சரிசி, ஒரு கப். பாஸ்மதியும் சரி. புழுங்கல் வேண்டாம், வேக நேரம் அதிகம். பொன்னி போட்டால் கிரீமில் குழைந்துவிடும். இந்த மினசோட்டா மாநிலத்தின் பெருமையான காட்டரிசி, இங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் ஏரியில் படகில் போய்த் தட்டி எடுக்கிற ‘மனோமின்’, அதையும் இங்கே கொத்துக்கறியோடு சேர்த்துச் செய்வார்கள். எனக்கு அது உயிர். ஆனால் வெள்ளை அரிசியைவிட வேக அதிக நேரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரிசியை ஒரே ஒரு தடவை அலசி நன்றாக வடித்திருக்கிறேன். அதை அந்தக் கொழுப்பில் இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். பிரியாணிக்கு நெய்யில் புரட்டுவோமே, அதே மாதிரி. மணியின் ஓரம் கண்ணாடி மாதிரி தெரியும்போது இரண்டேகால் கப் பீஃப் பிராத், அதாவது மாட்டுக்கறியும் எலும்பும் வேகவைத்து வடித்த சாறு, ஊற்றுங்கள், உப்பு குறைந்த வகையாக. புளிப்பும் உப்புமாக இருக்கும் வூஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. கடைசியாக ஒரு முறை அடியைச் சுரண்டிவிடுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். பதினெட்டு நிமிடம். நடுவில் திறந்து கிளற வேண்டாம், ஆவி போனால் மேலே அரிசி நறுக்கென்று நிற்கும்.

இந்த நேரத்தில் சீஸ் துருவலாம். செடார், ஒரு கப். துருவிப் பையில் விற்பதை வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொருள் சேர்த்திருப்பார்கள், அதனால் வழவழப்பாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவினால் இரண்டு நிமிட வேலைதான்.

கிரீமைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். முதல் தடவை இதைச் செய்தபோது, வீட்டில் இருந்த கொழுப்பு குறைந்த பாலைப் பிராத்தோடு சேர்த்து ஆரம்பத்திலேயே ஊற்றிவிட்டேன். மூடியைத் திறந்தால் பால் திரிந்து, சோறு முழுக்கச் சின்னச் சின்னத் திரளாக நின்றது. அன்றைக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள், அவர்களுக்கு நான் செய்த முதல் சாப்பாடு. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. தக்காளியின் புளிப்பும் நீண்ட கொதியும் சேர்ந்தால் பால் தாங்காது. ஹெவி கிரீமில் குறைந்தது 36 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, அது சுலபத்தில் திரியாது. ஆனாலும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், அதுவும் ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே எடுத்து வைத்து.

பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அடுப்பை அணைத்துவிட்டேன், மூடியோடு ஐந்து நிமிடம் விட்டேன். இப்போது திறக்கிறேன். பிராத் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது, மணி மணியாக நிற்கிறது. அரை கப் ஹெவி கிரீம், சுற்றி ஊற்றுகிறேன். மேலே சீஸ். அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள், அரிசி உடையக் கூடாது. வாணலியின் சூடே போதும். வெள்ளையாக ஊற்றிய கிரீம் இதோ இளஞ்சிவப்பாக மாறுகிறது, தக்காளியும் பாப்ரிகாவும் அந்தக் காந்தலும் கரைந்த நிறம். கரண்டியைத் தூக்கினால் சோறு உதிராமல், ஓடவும் செய்யாமல், மெல்லச் சரிகிறது பாருங்கள். இதுதான் பதம். இறுகியிருந்தால் கால் கப் சூடான பிராத் விட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்குப் போதும். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், சோற்றை வெளியே விட்டுவைக்கக் கூடாது. நாளைக்குக் கட்டியாகத்தான் இருக்கும், ஒரு கை பால் தெளித்துச் சின்னத் தீயில் கிளறினால் இளகிவிடும்.

மேலே கொஞ்சம் வெங்காயத்தாள் தூவுகிறேன். அம்மா இந்த வாரம் மறுபடியும் வந்திருக்கிறார்கள், உள்ளே டிவி சத்தம் கேட்கிறதே, அவர்கள்தான். முதல் தட்டு அவர்களுக்கு. சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.