வனையாத மண்ணும் மரப்பிசினும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். குயவரின் சக்கரத்தில் களிமண் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். களிமண் துகள்கள் மெல்லிய தகடுகளாக இருப்பதால், நீர் பட்டதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விட்ட இடத்தில் நின்றுகொள்கின்றன. களிமண்ணுக்குப் பதிலாகச் சூளையில் சுட எடுக்கும் குவார்ட்சு (படிகக் கல்) பொடிக்கும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பொடிக்கும் அந்தக் குணம் கிடையாது. ஈர மணலைப் பிடித்துவைத்தாற்போல், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஆகவே ஒரு பசை வேண்டும். அதுவும் சூளைக்குள் போகும்வரை மட்டுமே வேண்டும்.

ஜெய்ப்பூரின் நீலப் பாண்டங்களில் வனையும் களிமண் இல்லை. குவார்ட்சுப் பொடி, கண்ணாடிப் பொடி, சிறிது முல்தானி மிட்டி, கத்தீரா என்னும் மரப்பிசின் ஆகியவற்றை நீர்விட்டுப் பிசைந்து, சப்பாத்திபோல் தட்டி, அச்சில் அழுத்துகிறார்கள். சூளையில் பிசின் எரிந்துபோக, இளகிய கண்ணாடி துகள்களைப் பிடித்துக்கொள்கிறது.

இதையே நான் மரவள்ளி மாவைக் கொண்டு அலுமினாவில் செய்து பார்த்தேன். துணிக்குக் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது எளிதில் புரியும். நீரில் கரைத்த கலவையை அச்சில் ஊற்றி எழுபது பாகை அளவுக்குச் சூடாக்கினால், மாவுமணிகள் நீரைக் குடித்து உப்பி, கலவை முழுவதும் இறுகிவிடுகிறது. உலர்ந்தபின் அச்சிலிருந்து அது கொழுக்கட்டைபோல் முழுதாக வந்தது. மகிழ்ச்சியில் சூளையை வேகமாக ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை திறந்தபோது, வில்லை குறுக்கே பிளந்து, நடுவில் கரிபிடித்துக் கிடந்தது. மாவு எரிந்து வரும் வாயு வெளியேற அவகாசம் வேண்டும் என்பதை அன்றுதான் கையால் உணர்ந்தேன். அடுத்த முறை, ஐந்நூறு பாகைவரை நிமிடத்துக்கு ஒரு பாகையாக ஏற்றினேன், முழுதாக வந்தது. திரும்பவும் சொல்கிறேன்: பசை எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட, எப்படி வெளியேறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாவு இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். வடிகட்டிக்கு அது நல்லது. உறுதி வேண்டிய பொருளுக்கு ஆகாது. கரைசலும் இரண்டொரு நாளில் புளித்துவிடும். ஆயினும், ஆய்வகங்களில் இதே வேலைக்குப் பயன்பட்ட அக்ரிலமைடு நரம்புகளைத் தாக்கும் நஞ்சு என்பதால், இந்தத் தொல்லைகளை நான் பெரிதாக எண்ணுவதில்லை.

நேரம் நெருங்கிவிட்டதால், கடற்பாசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்னும் பசைப்பொருள் கிடைக்கிறது. சூடான நீரில் கரைந்து, ஆறும்போது தானே இறுகும் அதில் மிகச் சிறிதளவே போதும் என்பதால், அது விட்டுச்செல்லும் துளைகளும் குறைவு. நன்றி, வணக்கம்.