இரண்டு நாற்காலி போட ஒரு தாழ்வாரம்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கணவனும் மனைவியும் மட்டும் இரண்டு நாள் எங்காவது கிராமத்துப் பக்கம் போய்த் தங்கவேண்டும் என்றால் அந்த இடத்தை எப்படிப் பார்த்து எடுப்பது? இதைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பல வருஷமாக டிராவல்ஸ் கார் ஓட்டுகிறவன். ஒகேனக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, வத்தல்மலை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இந்த இரண்டு மாவட்டத்திலும் ஜோடிகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிறகு போய் ஏற்றிக்கொண்டு வருவேன். போகும்போது எல்லோரும் ஒரே சந்தோஷமாகத்தான் போவார்கள். திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். சில பேர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்கள். சில பேர் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வருவார்கள். விசாரித்தால் பெரும்பாலும் தங்கின இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

நம் பக்கத்தில் கல்யாணமான புதுசில் ஊட்டி, கொடைக்கானல் போவார்கள். அதோடு சரி. அப்புறம் போவதெல்லாம் குலதெய்வத்துக்கு, திருப்பதிக்கு, பிள்ளைகளோடு, மாமியார் மாமனாரோடு. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நாற்பது வயதிலும் அறுபது வயதிலும்கூட இரண்டு பேரும் தனியாக ஒரு ராத்திரி வெளியே தங்கவேண்டும். இதை நான் வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்வேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

சரி, இடத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் பார்ப்பது போட்டோ. நீச்சல் குளம், மாந்தோப்பு, கட்டிலில் ரோஜா இதழில் இதயம் போட்டு வைத்திருப்பது. இதெல்லாம் பகலில் எடுத்த படம். நீங்கள் தங்கப்போவதோ ராத்திரி. அதனால் ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு நான் சொல்கிற வழி ஒன்றுதான். பதிவு செய்வதற்கு முன்னால், ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த இடத்துக்கு ஒரு போன் போடுங்கள். பகலில் போடாதீர்கள். ஒன்பது மணிக்குப் போட்டால் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும். குத்துப்பாட்டு கேட்கிறதா, லாரி ஹாரன் கேட்கிறதா, சில்வண்டு கேட்கிறதா? யாருமே எடுக்கவில்லை என்றால் ராத்திரி அங்கே பொறுப்பான ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த இடம் வேண்டாம்.

தூரமாக இருந்தால் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படிக் கிடையாது. ஒருமுறை, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியை மெயின் ரோட்டிலிருந்து வெகு தூரம் உள்ளே இருந்த ஒரு பண்ணை வீட்டில் விட்டேன். சனிக்கிழமை. பக்கத்து அறைகளை எல்லாம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் பிறந்தநாள் கொண்டாட எடுத்திருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன். "அண்ணா, வந்து கூட்டிக்கிட்டுப் போங்கண்ணா" என்கிறது அந்தப் பெண். போய்க் கூட்டிவந்தேன். ஆக, மொத்தம் எத்தனை அறை, அன்றைக்கு வேறு யார் வருகிறார்கள், பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் வெள்ளி, சனியை விட்டுவிட்டுத் திங்களிலிருந்து வியாழனுக்குள் போங்கள். ஓசூர்ப் பக்கத்து இடங்களுக்கு இது ரொம்ப முக்கியம். வாடகையும் அநேகமாகக் குறையும்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்று. பகலில் கேட்காத நெடுஞ்சாலை ராத்திரி கேட்கும். வெயிலில் தரை சூடாக இருக்கும்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும், மேலே இருக்கிற சூடான காற்று அதைத் திரும்பவும் தரைக்கே வளைத்துவிடுகிறது. சேலம் ரோட்டை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம் மாவட்டங்களில் கல் குவாரியும் கிரஷரும் நிறைய. பக்கத்தில் இருக்கிறதா, டிப்பர் லாரி அந்த வழியாகப் போகுமா என்று கேளுங்கள். ஊர்த் திருவிழா இருக்கிறதா என்றும் கேளுங்கள். மைக்செட் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். தெருக்கூத்து நடக்கிற திருவிழா என்றால் மட்டும் தயங்காமல் போங்கள், இரண்டு பேரும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து பார்க்கலாம்.

கிருஷ்ணகிரி என்றாலே மாந்தோப்பு. தோப்புக்குள்ளே வீடு என்றதும் மனசு இளகிவிடும். ஆனால் தை, மாசியில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். அந்த வாடையில் நிம்மதியாக உட்காரமுடியாது. அறுவடை மும்முரத்தில் ராத்திரியிலும் லோடு ஏற்றுவார்கள், பழ ஈ மொய்க்கும். காய்ப்பு முடிந்து ஒரு மழையும் பெய்த பிறகு போனால் அந்தத் தோப்பே உங்களுக்குத்தான்.

இப்போது ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர்கள். ஐயா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, அந்த மகளே தளிப் பக்கம் ஓர் இடம் பார்த்து, என் வண்டியும் ஏற்பாடு செய்து இவர்களை அனுப்பிவைத்தாள். மார்கழி மாதம். தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று சொன்னதாகச் சொல்வார்கள். அந்தக் குளிரைப் பார்த்தால் ஏன் சொன்னார்கள் என்று புரியும். ஓட்டு வீடு, இரண்டே அறை, மற்ற அறை காலி. முன்னால் நீளமாக ஒரு தாழ்வாரம், அதில் இரண்டு பிரம்பு நாற்காலி. எதிரே ராகிக் கொல்லை. அதற்கப்புறம் காடு.

போனதுமே அங்கே இருந்த காவல்காரர் சொல்லிவிட்டார், "ஆறு மணிக்கு மேல வேலியைத் தாண்டாதீங்க." பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் வருகிற காலம் அது. ராகி அறுவடையும் அப்போதுதான். கொல்லைக்காரர்கள் மரத்தில் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அந்த அம்மா பழக்கத்தில் எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். சமையல்காரம்மா, "நீங்க போய் உட்காருங்கம்மா, இங்க உங்களுக்கு வேலை இல்ல" என்று அனுப்பிவிட்டார். தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். கையை மடியில் வைப்பதா, எங்கே வைப்பதா என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐயா போய் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து கொடுத்தார். "நீங்க குடிச்சீங்களா?" என்றார் அந்த அம்மா. "முதல்ல நீ குடி" என்றார் அவர். நான் ஓரமாக வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி பரணில் தகர டப்பா தட்டுகிற சத்தம், கூவுகிற சத்தம், நடுநடுவே ஒரு வெடி. யாரும் வெளியே போகமுடியாது. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். ஐயா தன்னுடைய நைட் டிரிப் கதைகளை ஆரம்பித்தார். கடைசி நடையில் பிரசவ வலியோடு ஏறின பெண், ஊத்தங்கரையில் பஸ்ஸிலேயே படுத்துத் தூங்கின ராத்திரிகள், கணக்கில் பணம் குறைந்து கைக்காசு கட்டின நாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத்தனை வருஷத்துல இதையெல்லாம் ஏங்க சொல்லவே இல்ல?" என்றார். அவர், "நாம எப்ப இப்படி உட்கார்ந்தோம்?" என்றார்.

இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். அந்த அறையில் நல்ல கட்டில் இருந்தது, டிவி இருந்தது. பேச வைத்தது அந்தத் தாழ்வாரம்தான். இப்போது அதை சிட்-அவுட் என்று சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும், இரண்டு நாற்காலி போட வெளியே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மேலே கூரை இருக்கவேண்டும். உங்கள் அறைக்கு மட்டும் உரியதாக இருக்கவேண்டும், அடுத்த அறைக்காரர் குறுக்கே நடக்கக்கூடாது. எந்தத் திசையைப் பார்க்கிறது என்றும் கேளுங்கள். மேற்கே பார்த்தால் நம் ஊர் மாசி, பங்குனி வெயிலில் சாயங்காலம் முழுக்க உட்காரமுடியாது. கிழக்கோ வடக்கோ பார்த்திருந்தால் நல்லது. அங்கே நின்று போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல இடத்துக்காரர் உடனே அனுப்புவார்.

அடுத்தது பத்திரம். ஒதுக்குப்புறம் என்றால் ஆஸ்பத்திரியும் ஒதுங்கித்தான் இருக்கும். போன் சிக்னல் அறைக்குள் கிடைக்குமா, எந்த கம்பெனி சிம்முக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். டார்ச் லைட் இல்லாமல் இருட்டில் கால் வைக்காதீர்கள், செருப்பை உதறிப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு. இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள், அது பெரும்பாலும் ஃபேனுக்குத்தான், ஏசிக்கு ஓடாது. தளி, ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி, தையில் வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம் என்று வந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சமைக்கிறவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், பனிக்காலத்தில் அவரைக்கொட்டைக் குழம்பும் கேளுங்கள். காலையிலேயே சொல்லிவிடுங்கள். வத்தல்மலைக்குப் போகிறவர்கள் வெளிச்சத்திலேயே மேலே ஏறிவிடுங்கள். இரண்டு பேருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஒகேனக்கல் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் மழை பெய்து கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் இங்கே பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். பென்னாகரம் தாண்டுவதற்கு முன்னால் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.