பூக்காரம்மா நீட்டிய விரல்

அனைவருக்கும் வணக்கம்.

சமூக உளவியலின் அடிப்படைகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். மனப்பான்மை, முன்முடிவு, இணக்கம், குழு நடத்தை என்று தலைப்புகளை வரிசையாக அடுக்கலாம். கல்லூரியில் இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன். இன்றைக்கு அது வேண்டாம். எனக்கு வெட்கமாகிப் போன ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். பாடம் அதற்குள்ளேயே கிடக்கிறது.

பணி ஓய்வு பெற்ற மறுவருடம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெல்லச் சரிந்து தரையில் படுத்தார். வெளுத்த வேட்டி, பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. தூக்கமா, போதையா, மயக்கமா? ஒன்றும் புரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுற்றியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். செல்போனில் இருந்த பையன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். டீ மாஸ்டர் ஆற்றுகிற டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். யாரும் பதறவில்லை. சரி, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானும் வண்டி வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதையே வகுப்பில் வருடா வருடம் பாடமாக எடுத்தவள் நான். அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

அந்தப் பாடம் இதுதான். 1968-இல் பிப் லத்தானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர் ஒருவரை அறையில் உட்காரவைத்து, கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருக்கும் துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்துபோய் வெளியே தகவல் சொன்னார்கள். அடுத்து, ஒருவரையொருவர் அறியாத மூன்று மூன்று பேராக 24 பேரை உட்காரவைத்தார்கள். இந்த முறை எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? மூன்றே மூன்று பேர்.

எழுந்து போகாதவர்களில் சிலர் புகையைக் கையால் விசிறி விலக்கினார்கள். கண்ணைக் கசக்கினார்கள், இருமினார்கள். ஆனால் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆறு நிமிடத்தில் அறை முழுக்கப் புகை மூட்டம். பிறகு விசாரித்தபோது ஒருவர் அது நீராவி என்றார், இன்னொருவர் ஏசியிலிருந்து வந்தது என்றார். அதில் இரண்டு பேர், கேள்விகளுக்கு உண்மையான பதிலை வரவழைக்கத் திறந்துவிட்ட வாயுவாக்கும் என்று நினைத்தார்களாம். வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு எழும். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த அறையில் நடந்தது என்ன? மூன்று பேருக்குமே உள்ளுக்குள் சந்தேகம். ஆனால் முன்பின் தெரியாத ஆள் முன்னால் அசடு வழியக் கூடாதே என்று மூன்று பேரும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் முகத்தில் தெரியும் அமைதியை மூவருமே உண்மையென்று நம்பிவிடுகிறார்கள். நம்முடைய அமைதி நடிப்பு என்று நமக்குத் தெரியும். எதிரே இருப்பவரின் அமைதியும் நடிப்பாக இருக்கலாமே என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை.

வகுப்பறையில் இது தினசரி நடக்கும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் அறுபது பேரும் கப்சிப். விடைத்தாள் திருத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்த ஆராய்ச்சிகளுக்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு கொலை. 1964 மார்ச் 13, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி. வேலை முடிந்து அதிகாலை மூன்று மணி வாக்கில் வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது: 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூட போலீசைக் கூப்பிடவில்லை என்று. தலைப்பிலோ 37 என்று இருந்தது. அங்கேயே கொஞ்சம் யோசித்திருக்கலாம். நகரத்து மனிதனுக்கு ஈரமே இல்லை என்று ஊர் முழுக்கப் புலம்பல்.

பிறகு தோண்டிப் பார்த்தால் கதை வேறு. தெளிவாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டதில் கொலைகாரன் முதலில் விலகி ஓடியிருக்கிறான். இரண்டாவது தாக்குதல் நடந்தது கட்டடத்தின் பின்பக்கம், பெரும்பாலோர் கண்ணில் படாத இடத்தில். சோபியா ஃபாரர் என்ற அக்கம்பக்கத்துப் பெண் இறங்கி ஓடிவந்து, உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டார். அந்தச் செய்தியில் அவருக்கு இடமில்லை. 2016-இல் அந்தப் பத்திரிகையே தன் பழைய செய்தியில் பிழை இருந்ததை ஒத்துக்கொண்டது. அதற்குள் ஐம்பது வருடப் பாடநூல்கள் அச்சாகிவிட்டன. நானும் பல வருடம் 38 பேர் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாப் புத்தகத்திலும் இருந்ததே!

செய்தி தப்பாக இருந்தாலும், அது கிளப்பிய கேள்வி வீண்போகவில்லை. லத்தானேயும் டார்லியும் செய்த இன்னொரு சோதனையில் மாணவர்கள் தனித்தனி அறையில் இருந்தபடி இன்டர்காம் வழியாகப் பேசுகிறார்கள். திடீரென்று ஒரு குரல் திணறுகிறது, உதவி கேட்கிறது. வலிப்பு. உண்மையில் அது முன்பே பதிவு செய்த ஒலி. அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர், அந்தக் குரல் ஓய்வதற்குள் ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 பேர்தான். இங்கே யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை, கவனியுங்கள். பொறுப்பு பாகப்பிரிவினை ஆகிவிட்டது, அவ்வளவுதான். பல பேர் சேர்ந்தால் பாம்பு சாகாது என்பார் எங்கள் பாட்டி.

ஓடாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? சோதனை நடத்தியவர் அறைக்குள் போனபோது பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர்களே கேட்டார்கள். அடுத்தவர்கள் இருந்ததால்தான் சும்மா இருந்தீர்களா என்று எப்படியெல்லாமோ கேட்டும், இல்லவே இல்லை என்றார்கள். என்னைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கூட்டம் என்றாலே உதவாது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய ஊர்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. பத்துக்கு ஒன்பது சண்டையில் யாராவது ஒருவர் தலையிட்டிருக்கிறார். சண்டை கண் முன்னால் பச்சையாகத் தெரியும், இது என்னவாக இருக்கும் என்ற குழப்பத்துக்கு அங்கே இடம் குறைவு. பேருந்து நிலையத்தில் சரிந்து கிடக்கும் பெரியவர் விஷயம் அப்படியில்லை. நம் ஊரில் ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவேண்டி வருமோ என்ற பயமும் கூடவே சேர்ந்துகொள்ளும். சாலை விபத்தில் உதவுகிறவர்களைக் காப்பதற்கென்றே 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது பலருக்குத் தெரியாது.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எதிர்ப்பக்கம் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பூக்காரம்மா கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பொதுவாக “யாராவது வாங்களேன்” என்று கூப்பிடவில்லை. விரலை நீட்டினார். “ஏ தம்பி, போனை உள்ள வை, சோடா வாங்கிட்டு ஓடியா. அண்ணே, அந்தத் தண்ணிச் சொம்ப எடுங்க. கண்ணாடி போட்ட அம்மா, நீங்க நூத்தியெட்டுக்குப் போன் அடிங்க.”

கண்ணாடி போட்ட அம்மா நான்தான். உடனே அடித்தேன். பையன் ஓடினான். டீ மாஸ்டர் சொம்போடு வந்தார். அதுவரை மரமாக நின்றவர்கள் ஆளுக்கொரு வேலையில் இறங்கிவிட்டோம். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, பையன் திரும்ப ஓடிப் போய் மிட்டாயும் வாங்கிவந்தான். பெரியவர் கண் திறந்து முதலில் தேடியது மஞ்சள் பையைத்தான்.

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, நான் பூக்காரம்மா பக்கத்தில் போய் நின்றேன். என்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடுக்கத் தொடங்கியிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “எத்தனை முழம்மா?” என்றார்.

இரண்டு முழம் வாங்கிக்கொண்டேன்.