சிகாகோ ஆசிரியைகள் புரட்டிய வரிக்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஆசிரியர் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் நம் கண்ணுக்கு வருவது ஒரே மாதிரியான காட்சிதான். சிவப்புச் சட்டை, கையில் பதாகை, பூட்டிய பள்ளி வாசல், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று தவிக்கும் பெற்றோர். ஆசிரியர்கள் சம்பளம் கேட்கிறார்கள், நிர்வாகம் பணமில்லை என்கிறது. அதோடு செய்தி முடிந்துவிடும். பணமில்லை என்பது உண்மையா, உண்மையென்றால் ஏன் இல்லை, யார் கொடுக்க வேண்டிய பணம் அது? இதைத் தேடிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரு சொத்து வரி ரசீதில் போய் நிற்போம்.

அங்கே பள்ளிக்கூடத்தை மத்திய அரசு நடத்துவதில்லை. பள்ளிச் செலவில் வாஷிங்டன் தருவது வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கையொட்டித்தான் இருக்கும். மீதியை மாநில அரசும் உள்ளூரும் ஏறக்குறைய பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர் என்றால் பள்ளி மாவட்டம். தனக்கென்று எல்லைக்கோடும், பல இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், வரி போடும் அதிகாரமும் கொண்ட ஓர் அமைப்பு. அது வாங்கும் வரியில் பெரும்பகுதி வீடு, கடை, தொழிற்சாலை இவற்றின் மேல் விழும் சொத்து வரி. அங்கே குடியேறிய நம்மவர்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது "அந்தப் பக்கம் ஸ்கூல் எப்படி?" என்பதுதானே. பள்ளி நன்றாக இருந்தால் வீட்டு விலை ஏறும். விலை ஏறினால் குறைந்த வரிவிகிதத்திலேயே நிறையப் பணம் வரும். பணம் வந்தால் பள்ளி இன்னும் நன்றாக இருக்கும். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதே சக்கரம் தலைகீழாகச் சுற்றும்.

எவ்வளவு தலைகீழாக என்பதற்கு டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரக் கணக்கு ஒன்று இருக்கிறது. எட்ஜ்வுட் என்பது மெக்சிகோ வம்சாவளியினர் மிகுதியாக வாழ்ந்த ஏழைப் பள்ளி மாவட்டம். அலமோ ஹைட்ஸ் அதே நகரப் பகுதியில் இருந்த வசதியான மாவட்டம். 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் என்ற விகிதத்தில் வரி கட்டினார்கள். அந்த நகரப் பகுதியிலேயே அதுதான் மிக உயர்ந்த விகிதம். அதிலிருந்து ஒரு மாணவருக்குத் தேறியது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் விகிதம் 85 சென்ட்தான். தேறியதோ ஒரு மாணவருக்கு 333 டாலர். வரியை அதிகம் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. மாநிலமும் மத்திய அரசும் தந்ததைச் சேர்த்த பிறகும் ஒரு பக்கம் 356 டாலர், மறுபக்கம் 594.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். ஒழுகும் கட்டடம், தகுதி பெறாத ஆசிரியர்கள் என்பவை அவர்களின் புகார்கள். அடுத்து டெமெட்ரியோ ரொட்ரீகஸ் என்ற தகரத் தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போன அந்த வழக்கு 1973-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. கல்வி, அமெரிக்க அரசியல் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி தர்குட் மார்ஷல் அதை மறுத்து நீண்ட தீர்ப்பு எழுதினார். இன்றுவரை நடைமுறையில் நிற்பது பெரும்பான்மைத் தீர்ப்புதான். அதனால்தான் பள்ளிப் பணம் பற்றிய சண்டைகள் எல்லாம் மாநில நீதிமன்றங்களிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் நடக்கின்றன. டெக்சாஸிலேயே 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு நீதிபதிகூட மாறுபடாமல், இந்த முறை மாநில அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டது.

சரி, உள்ளூர் வரியை ஒழித்துவிட்டால்? மிச்சிகன் அதை உண்மையாகவே செய்து பார்த்தது. அங்கே பள்ளிக்கான வரி விகிதத்தை ஊர் மக்களே வாக்குப்போட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. கல்காஸ்கா என்ற சிற்றூரில் மக்கள் மறுபடி மறுபடி "வேண்டாம்" என்றே வாக்களித்தார்கள். 1993 மார்ச்சில், கல்வியாண்டு முடியப் பத்து வாரம் இருக்கும்போதே, பள்ளிகளைப் பூட்டிவிட்டார்கள். ஆசிரியர் போராடிப் பூட்டியதல்ல, வரி கட்டுபவர்கள் பூட்டியது. அந்த ஜூலையில் மாநிலச் சட்டமன்றம், பள்ளியை நடத்துவதற்கான உள்ளூர்ச் சொத்து வரியையே ரத்து செய்தது. அதற்கு ஈடாக என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. 1994 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில் விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது, பள்ளிப் பணம் பெரும்பாலும் மாநிலத்தின் கைக்குப் போனது. மிக ஏழையான மாவட்டங்கள் மேலே வந்தன, அது நல்லதே. ஆனால் மந்த காலத்தில் மக்கள் பொருள் வாங்குவதைக் குறைத்தால் விற்பனை வரி உடனே விழும். வீடு அப்படி ஓடிப்போவதில்லை. சொத்து வரியைத் திட்டுபவர்கள் அதற்கிருக்கும் இந்த ஒரு நற்குணத்தை மறந்துவிடுகிறார்கள். அதே 1994-இல் அந்த மாநிலம் இன்னொன்றும் செய்தது: வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் அபராதம் விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது.

பணத்தின் சாவி யார் கையில் இருக்கிறதோ அங்கேதான் போராட்டமும் போகும். 2018-இல் மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஆசிரியர் ஊதிய அட்டவணை மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே கவுண்டி எனப்படும் 55 உள்ளாட்சிப் பகுதிகளிலும் ஒரே நேரத்தில் பள்ளிகள் மூடின. சுமார் 20,000 ஆசிரியர்கள் தலைநகர் சார்ல்ஸ்டனை நோக்கித் திரும்பினார்கள். ஆசிரியர் வேலைநிறுத்தத்துக்குச் சட்டத்தில் இடமில்லாத மாநிலம் அது. சம்பளத்தைவிட அவர்களைக் கொதிக்க வைத்தது மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியதுதான். முதலில் 2 சதவீத உயர்வு என்றார்கள். பிறகு ஆளுநரும் சங்கத் தலைவர்களும் 5 சதவீதத்துக்கு உடன்பட்டு, வேலைக்குத் திரும்புங்கள் என்று அறிவித்தார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் செனட் அவை 4-தான் என்றது. ஆசிரியர்கள் தங்கள் தலைவர்களின் பேச்சையும் கேட்காமல் வெளியிலேயே நின்றார்கள். மார்ச் 6-ஆம் தேதி 5 சதவீதம் சட்டமானது, அதுவும் மாநில ஊழியர் அனைவருக்கும். பள்ளி மதிய உணவை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே சாப்பாட்டுப் பைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போராடப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஓக்லஹோமா. அங்கே 1992-லேயே மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது. மக்கள் வாக்கெடுப்புக்குப் போகாமல் வரியைக் கூட்ட வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர் சம்மதிக்க வேண்டும். கால் நூற்றாண்டு சட்டமன்றத்தால் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் உற்பத்தி வரியோ ஆரம்ப ஆண்டுகளுக்கு 2 சதவீதமாகச் சுருங்கிக் கிடந்தது. பல பள்ளி மாவட்டங்கள் செலவை மிச்சப்படுத்த வாரத்துக்கு நான்கே நாள் பள்ளி நடத்தின. வேலைநிறுத்தம் வரப்போகிறது என்ற அச்சத்திலேயே அந்த வரி 5 சதவீதமானது, ஆசிரியருக்குச் சராசரியாக 6,100 டாலர் ஊதிய உயர்வும் வந்தது. வகுப்பறைக்கும் பணம் வேண்டும் என்று ஏப்ரல் 2-ஆம் தேதி அவர்கள் வெளியே வந்த பிறகு கிடைத்தது கொஞ்சம்தான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லாஸ் ஏஞ்சலஸ். 2019 ஜனவரியில் அங்கே 30,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மழையில் ஆறு பள்ளி நாட்கள் நின்றார்கள். ஊர் அவர்கள் பக்கம் இருந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் கூடவே நின்றார்கள். கிடைத்த 6 சதவீத ஊதிய உயர்வு, போராட்டத்துக்கு முன்பே நிர்வாகம் தர முன்வந்ததுதான். உண்மையான வெற்றி வேறு: வகுப்பு அளவைக் குறைப்பது, ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேரச் செவிலியர், நூலகர்கள். இதற்கெல்லாம் பணம்? ஜூன் மாதம் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஆண்டுக்கு 16 சென்ட் வரி. தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. பாதிகூட விழவில்லை, சுமார் 46 சதவீதம்தான். ஜனவரியில் கைதட்டிய ஊர் ஜூனில் வரி கட்ட மறுத்தது.

இதை வைத்து மக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொத்து வரியில் ஒரு கொடுமை இருக்கிறது. வீட்டின் விலை ஏறும், வீட்டுக்காரரின் வருமானம் ஏறாது. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டிக்குக் காகிதத்தில் சொத்து மூன்று மடங்கு, வரியும் அதன் பின்னாலேயே. இந்தக் கோபத்தில்தான் லாஸ் ஏஞ்சலஸ் இருக்கும் கலிபோர்னியா மாநிலம் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் பதின்மூன்றாம் முன்மொழிவை நிறைவேற்றியது. வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொத்து கைமாறும்வரை அதன் மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. குறிப்பிட்ட தேவைக்கென உள்ளூரில் தனி வரி போட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மாநிலத்தின் சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது. மூதாட்டி பிழைத்தார். ஆனால் அவர் பெயரில் வந்த அந்தப் பாதுகாப்பு அலுவலகக் கோபுரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்தே கிடைத்தது. வீடு எப்போதாவது விற்கப்படும். பெரிய நிறுவனத்தின் நிலம் தலைமுறைக் கணக்கில் கைமாறாமலே கிடக்கும், பழைய மதிப்பிலேயே வரி கட்டும். பெரிய வணிகச் சொத்துக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போடலாம் என்று 2020 நவம்பரில் ஒரு முன்மொழிவு வந்தது. அதுவும் சுமார் 52-க்கு 48 என்ற கணக்கில் தோற்றது.

ஆகவே வேலைநிறுத்தத்தால் ஓர் ஒப்பந்தத்தை வெல்ல முடியும், வரிச் சட்டத்தை வெல்வது வேறு வேலை என்பதே என் கருத்து. அந்த வேறு வேலையை ஆசிரியர்கள் ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

1898-இல் சிகாகோ தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஊதிய உயர்வு உறுதியானது. இரண்டே ஆண்டில் பணமில்லை என்று வாரியம் கைவிரித்தது. ஆசிரியைகளின் சங்கத்தில் மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் என்ற இருவர். மேயரையோ சட்டமன்ற உறுப்பினரையோ தேர்ந்தெடுக்கும் வாக்குரிமைகூட அன்று அவர்களுக்கு இல்லை. அவர்கள் வரிக்கணக்கைப் புரட்டினார்கள். நகரத் தெருக்களைப் பயன்படுத்திக் காசு பார்த்துக்கொண்டிருந்த டிராம், எரிவாயு, மின்சார, தொலைபேசி நிறுவனங்களின் உரிமங்களுக்கு, அவையும் சொத்துதான் என்றாலும், வரியே போடப்படவில்லை என்று கண்டுபிடித்தார்கள். வழக்கு நடத்தி 1901-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். நிறுவனங்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போய்த் தொகையைக் குறைத்துக்கொண்டன. மிச்சம் வந்தது. வந்த பணத்தைப் பள்ளி வாரியம் கட்டடப் பழுதுக்கும் மற்றச் செலவுகளுக்கும் ஒதுக்கியது, ஊதியத்துக்குத் தரவில்லை. ஆசிரியைகள் மறுபடி நீதிமன்றம் போனார்கள், இம்முறை வாரியத்தின் மேலேயே வழக்கு. 1904-இல் நீதிபதி எட்வர்ட் டன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே அவர் சிகாகோவின் மேயரானார், பள்ளி வாரியத்துக்குப் புதிய உறுப்பினர்களையும் அவரே நியமித்தார்.

வணக்கம்.