வலையில் வந்த குடித்தனம்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை உதறுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் இருப்பது கடற்பஞ்சு, கடலடியில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு விலங்கு. வலையில் சிக்கியதை ஒரு அண்ணன் பிய்த்து மணலில் வீசினார். "இத எடுத்து என்னப்பா செய்யப்போற, நாத்தம்தான் வரும்" என்றார். நாற்றம் உண்மைதான். ஆனால் பிளந்து காட்டுகிறேன், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்த ஓட்டைக்குள் பாருங்கள், நூல் மாதிரி ஐந்து கையையும் நெளித்துக்கொண்டு ஒரு குட்டி நட்சத்திரம். இந்தப் பக்கம் அரிசி அளவில் இறால் மாதிரி ஒன்று. உள்ளங்கை அளவு பஞ்சுக்குள் இத்தனை பேர்!

அண்டார்டிகாவில் இதன் உறவுக்காரர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். கண்ணாடிப் பஞ்சு என்று பெயர். எலும்புக்கூடே சிலிக்கா, அதாவது கண்ணாடி செய்கிற பொருளால் ஆன ஊசிகள்தான். தண்ணீர் மைனஸ் 1.8 டிகிரி. பவளப்பாறை கிடையாது, நிறைய இடங்களில் வெறும் சேறு. அங்கே மாடிவீடு இதுதான். மேலே நீரோட்டம் சாப்பாடு கொண்டுவரும் என்று கடல் வெள்ளரிகள் உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நடுக்குழிக்குள் மீன் பதுங்கும். மீன் முட்டைகளையும் அதற்குள் பார்த்திருக்கிறார்கள். செத்த பிறகும் ஊசிகள் உதிர்ந்து வைக்கோல் மெத்தை போலப் படியும், புழுக்கள் அதில் குடியேறும்.

இவற்றுக்கு ஆபத்து கடலில் மிதந்து வரும் பனிப்பாறைதான். தரை தட்டி இழுத்துக்கொண்டு போனால், தானே புயலில் நம் முந்திரித் தோப்பு சாய்ந்த கதைதான். திரும்ப வளர நூற்றாண்டுகள் ஆகும் என்றுதான் விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். 1995-இல் அண்டார்டிகாவில் லார்சன் ஏ என்ற பனித்தட்டு, அதாவது கடல்மேல் கூரை மாதிரி மிதக்கும் பெரிய பனிப்பரப்பு, உடைந்தது. அங்கே 2007-இல் எண்ணிப் பார்த்துவிட்டு 2011-இல் மறுபடி போனால், கண்ணாடிப் பஞ்சுகள் மூன்று மடங்கு! பனிக்கூரை போனதும் வெயில் இறங்கி, நுண்பாசி பெருகி, கீழே இரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்காகப் பனி உடைவது நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். குளிரையே நம்பிப் பிழைக்கிற கூட்டம் அது.

சரி, அந்தக் குட்டி நட்சத்திரத்தைக் கொட்டாங்குச்சியில் கடல் தண்ணீரோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு கை அசைகிறது. அலைகிட்டே போய் விட்டுவிட்டு வருகிறேன், இருங்கள்.